மயக்க டாக்டரிடம் மறைக்காதீங்க!

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் சர்ஜனுக்கு ஆப்பிள் கூடை வரும். மயக்க மருந்து கொடுத்தவருக்கு? "இன்னும் தலை கிர்ருங்குது சார்" என்று புகார்தான் வரும்! முப்பது வருஷம் அந்த வேலை பார்த்து ரிட்டயரானவன் நான்.

சாயங்காலம் பெசன்ட் நகர் பீச்சில் வாக்கிங். ஷ்மிட் நினைவுச் சின்னத்தைத் தாண்டி வடக்கே நடந்தால் ஊரூர் ஒல்காட் குப்பம். அங்கே மீன் விற்கும் அம்மா ஒருவர் எனக்குப் பழக்கம். ஒருநாள் வஞ்சிரத்தை வெட்டிக்கொண்டே, "பெரிய பையனுக்குக் குடலிறக்கமாம் சார். அடுத்த வாரம் ஆபரேஷன். சின்ன ஆபரேஷன்தானே?" என்றார்.

அதற்குள் பையனே வந்து நின்றான். பதினெட்டு வயசு. ஆறடிக்கு மேல் உயரம். விரல்கள் வெண்டைக்காய் மாதிரி நீளம். ஈரச் சட்டை ஒட்டிய மார்பின் நடுவே, கிண்ணம் வைக்கலாம் போல ஒரு குழி.

எனக்குள் மணி அடித்தது.

"இவங்க அப்பாவும் இப்படித்தான் இருப்பாராம்மா?"

"அதே உசரம் சார். முப்பத்தெட்டு வயசுல, வலை இழுத்துக்கினு இருந்தவரு நெஞ்சு வலிக்குதுன்னாரு. கரைக்கு வர்றதுக்குள்ள போய்ட்டாரு..."

"ஆஸ்பத்திரியில சொன்னீங்களா?"

அம்மா கத்தியைக் கீழே வைத்தார். "கேட்டாங்க. ஒண்ணுமில்லேன்னுட்டேன். பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கினு இருக்கோம். குடும்பத்துல ஏதோ கோளாறுன்னு பேசிட்டா?"

பையனைப் பார்த்ததும் எனக்கு வந்த சந்தேகம் மார்ஃபன் சிண்ட்ரோம். 1896-ல் பாரிஸ் டாக்டர் அந்துவான் மார்ஃபன், ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியிடம் கவனித்து எழுதியது. உடம்பை இழுத்துக் கட்டி வைக்கும் ஃபிப்ரிலின் என்ற புரதத்தின் ஜீனில் கோளாறு என்பது 1991-ல் தெரிந்தது. சுமார் ஐயாயிரம் பேரில் ஒருவருக்கு வரும். அப்பா, அம்மாவில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. குடலிறக்கம்கூட இதற்குச் சொந்தக்காரன்தான்!

நெஞ்சுக் குழி வெளியே தெரிகிற அடையாளம். ஆபத்து உள்ளே. இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி, பழைய சைக்கிள் ட்யூப் மாதிரி உப்பியிருக்கலாம். மயக்கம் கொடுத்துத் தொண்டையில் குழாய் இறக்கும்போது யாருக்கும் ரத்த அழுத்தம் ஜிவ்வென்று ஏறும். இவர்களுக்கு அந்த ஏற்றத்திலேயே தமனி கிழியலாம். மெஷின் காற்றைப் பலமாகத் தள்ளினால் நுரையீரலில் ஓட்டை விழலாம். சரி, முதுகில் ஊசி போட்டு மரக்க வைக்கலாமே? தண்டுவட உறை சிலருக்கு அகலமாக இருக்கும். வழக்கமான அளவு மருந்து பத்தாமல் போகலாம்!

இதே மாதிரி விலா எலும்பு குட்டையாகி, நெஞ்சுக்கூடே ஒடுங்கிப் பிறக்கும் குழந்தைகளும் உண்டு. நுரையீரல் விரிய இடம் இருக்காது. 1955-ல் பிரான்ஸில் விவரிக்கப்பட்ட அந்த நோயில் அப்பா அம்மா பார்க்க நன்றாகவே இருப்பார்கள். சொந்தத்தில் கல்யாணம் செய்தால் வாய்ப்பு கூடும். அத்தை மகன், அக்கா மகள் என்று கட்டிக்கொள்ளும் நம் ஊரில் இதையும் டாக்டரிடம் சொல்லத்தான் வேண்டும்.

பயப்பட வேண்டாம். முன்கூட்டித் தெரிந்தால் எல்லாவற்றுக்கும் வழி உண்டு. எக்கோ எடுப்போம். அழுத்தம் ஏறாமல் மருந்து கொடுப்போம். மூச்சை மெல்லத் தள்ளுவோம். தெரியாமல் போனால்தான் வம்பு!

ஒரு சீட்டு கிழித்து எழுதிக் கொடுத்தேன்: 'தகப்பனார் 38 வயதில் திடீர் மரணம். இதே உயரம். மகனுக்கு நெஞ்சில் குழி.'

அம்மா கொண்டுபோய்க் கொடுத்தார். ஆபரேஷன் தள்ளிப்போனது. எக்கோவில் தமனி உப்பியிருந்தது. மாத்திரை ஆரம்பித்து, மூன்று மாதம் கழித்து, எல்லா முன்னேற்பாட்டோடும் ஆபரேஷன் முடிந்தது. பெண்ணுக்கும் எக்கோ எடுத்தார்கள். இப்போதைக்குக் கோளாறு இல்லை. அவ்வப்போது வந்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள்.

போன வாரம் வஞ்சிரத்துக்குக் காசு நீட்டினேன். அம்மா வாங்கவில்லை. "மாப்பிள்ளை வீட்டுக்காரங்ககிட்ட நானே சொல்லிட்டேன் சார். சரின்னுட்டாங்க!"

முப்பது வருஷத்தில் எனக்கு வந்த முதல் கூடை. ஆப்பிள் இல்லை... மீன்!