வாடகை வீட்டிற்குக் காவல்: பதிவு பெற்ற ஒப்பந்தம்

புறநகர் ரயிலும் மெட்ரோவும் சந்திக்கும் இடம் காட்கோபர். அலுவலகம் சென்றுவர எளிது என்பதால் இங்கு வாடகை வீடு தேடும் தமிழ்க் குடும்பங்கள் பல. வீடு அமைந்ததும், உரிமையாளருக்கு டெபாசிட் தொகையை அனுப்ப எங்கள் கிளைக்கு வருவார்கள். “ஒப்பந்தம் பதிவாகிவிட்டதா?” என்று நாங்கள் கேட்போம். “முத்திரைத்தாளில் எழுதி நோட்டரியிடம் கையொப்பம் வாங்கியாயிற்று, பதினொரு மாதம்தானே!” என்பதே பெரும்பாலும் விடை.

இந்தப் பதினொரு மாத வழக்கத்திற்குக் காரணம் உண்டு. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி, ஓராண்டுக்கு உட்பட்ட குத்தகைக்குப் பதிவு கட்டாயமில்லை. மகாராஷ்டிரத்திலோ நிலை வேறு. 1999ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, ‘லீவ் அண்ட் லைசென்ஸ்’ ஒப்பந்தம் எத்தனை மாதத்திற்கானதாயினும் எழுத்து வடிவில் இருந்து பதிவும் பெற வேண்டும் என்கிறது. பதிவு செய்விக்கும் பொறுப்பு உரிமையாளருடையது. தவறினால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். பதிவு இல்லையெனில், நிபந்தனைகள் குறித்துக் குடியிருப்பவர் கூறுவதே, மாறாக நிரூபிக்கப்படாதவரை, ஏற்கப்படும். எனினும் அதை நீதிமன்றத்தில் நிலைநாட்டக் காலமும் பணமும் வேண்டும். அதுவரை டெபாசிட் தொகை பிறர் கையில் இருக்கும்.

பதிவுச் செலவோ சிறிது. மாத வாடகை 25,000 ரூபாய், டெபாசிட் 1,00,000 ரூபாய், காலம் ஓராண்டு எனக் கொள்வோம். ஓராண்டு வாடகை 3,00,000. டெபாசிட்டுக்கு 10 விழுக்காடு வட்டியாகக் கணக்கிடப்படுவது 10,000. இவற்றின் கூட்டுத்தொகையில் 0.25 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 775 ரூபாய், முத்திரைக் கட்டணம். மும்பையில் பதிவுக் கட்டணம் 1,000 ரூபாய். ஆதார் கைரேகை வழியாக இணையத்திலேயே பதிவை முடிக்கும் வசதியும் உண்டு.

கையொப்பமிடுமுன் ஒவ்வொரு வரியையும் படியுங்கள். வீட்டைத் திரும்பப் பெற உரிமையாளர் 24ஆம் பிரிவின்கீழ் விண்ணப்பித்தால், எழுத்து வடிவிலான ஒப்பந்தமே அதிலுள்ள விவரங்களுக்கு முடிவான சான்று. காலம் முடிந்தும் காலி செய்யாவிட்டால், வாடகையின் இருமடங்கு இழப்பீடாகச் செலுத்த நேரும். ஆகவே டெபாசிட் எத்தனை, எப்போது திரும்பும், எதற்காகப் பிடித்தம் செய்யலாம், முன்னறிவிப்பு எத்தனை நாள் என்பவை தெளிவாக எழுதப்பட வேண்டும்.

டெபாசிட்டையும் வாடகையையும் வங்கிக் கணக்கு வழியே செலுத்தி, ‘டெபாசிட்’, ‘ஜூன் வாடகை’ எனக் குறிப்பிடுங்கள். ரொக்கமாகக் கொடுத்தால் ரசீது பெறத் தவறாதீர்கள்.

தகராறு நேர்ந்து வழக்கறிஞருக்கு வழியில்லையெனில், தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தின் 15100 என்னும் எண்ணை அழைக்கலாம். பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், குறைந்த வருமானமுடையோர் ஆகியோர் 1987ஆம் ஆண்டின் சட்டப்படி இலவச சட்ட உதவிக்கு உரியவர்கள்.

பல ஆண்டுச் சேமிப்பே டெபாசிட்டாகக் கைமாறுகிறது. அதை அனுப்புமுன் பதிவுக்கு நாள் குறித்துக்கொள்ளுமாறு வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.