ஆயர் மாறும்போது எதெல்லாம் கைமாற வேண்டும்?

ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ ஞாயிறு ஆராதனை முடியும் நேரத்தில் அறிவிப்பு வரும்: ஆயருக்கு டிரான்ஸ்ஃபர். பிரிவுபசாரக் கூட்டம், சால்வை, குரூப் போட்டோ எல்லாம் குறைவில்லாமல் நடந்துவிடும். ஆயர் கிளம்புவதற்கு முன்னுள்ள இரண்டு வாரத்தில், பொறுப்புகளைக் கைமாற்ற சபை செய்ய வேண்டிய முக்கியமான வேலையோ பல இடங்களில் அரைகுறையாக நின்றுபோகிறது.

சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் இதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. 1947 செப்டம்பர் 27 அன்று, சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில், ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட் சபைகளும் பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபில் வந்தவர்களும் இணைந்து உருவான திருச்சபை அது. ஆயரை அனுப்புவதும் மாற்றுவதும் பேராயம். உள்ளூர்ச் செலவையும் பராமரிப்பையும் கவனிப்பது சபையார் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த கமிட்டி. ஆலய நிலம் பொதுவாக சி.எஸ்.ஐ. டிரஸ்ட் அசோசியேஷன் என்ற பதிவுபெற்ற நிறுவனத்தின் பேரில் இருக்கும். ஆயரோ கமிட்டியோ அதை விற்றுவிட முடியாது. "நாங்கள் கட்டிய ஆலயம், எங்கள் பேரில் இல்லையே" என்று பெரியவர்கள் வருத்தப்படுவதுண்டு. அந்த வருத்தம் நியாயமானதுதான். ஆனாலும் ஆள் மாறும்போது சொத்து மாறாமல் நிற்பதற்கு அந்த ஏற்பாடுதான் காரணம்.

ராயபுரத்து ரெய்னி மருத்துவமனையைப் பாருங்கள். ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த டாக்டர் மட்டில்டா மக்பெயில் 1888இல் சிறிய மருந்தகமாகத் தொடங்கிய பணி, 1914இல் மருத்துவமனையாக எழுந்தது. தொடங்கியவர் போய் எத்தனையோ காலம் ஆயிற்று. இன்றும் சி.எஸ்.ஐ. மருத்துவமனையாக அதே வட்டாரத்தில் நடக்கிறது.

சட்டவிதியும் தேர்தலும் இருந்தாலே சண்டை வராது என்று நான் சொல்லவில்லை. சி.எஸ்.ஐ.யின் தலைமை மன்றமான சினாட்டின் தேர்தல் வழக்கு, 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதிகள் இருவரை நிர்வாகத்துக்கு நியமிக்கும் அளவுக்குப் போயிற்று. ஆனால் அங்கே நீதிமன்றம் எடுத்துப் பார்ப்பதற்கு ஒரு விதி எழுத்தில் இருந்தது.

எண்ணூர், கத்திவாக்கம் பக்கம், எந்தப் பேராயத்திலும் சேராமல், மாடி வீட்டிலும் ஷீட் கூரையின் கீழும் கூடும் தனிச்சபைகளைத்தான் நினைத்துக் கவலைப்படுகிறேன். பாஸ்டர் நல்லவர், வாடகை வீட்டில் ஜெபம் தொடங்கி, இருபது வருஷம் உழைத்து, ஜனங்களின் காணிக்கையில் ஒரு கிரவுண்டு வாங்குகிறார். அவசரத்தில் பத்திரம் அவர் பேரிலேயே பதிவாகிறது. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஒருநாள் அவர் உயில் எழுதாமல் இறந்துபோகிறார். கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தும் 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மிச்சம் பிள்ளைகளுக்கு. காணிக்கையாக வளையலைக் கழற்றிக் கொடுத்த அம்மாவின் பெயர் அந்தக் கணக்கில் எங்கும் வராது. பிள்ளை ஊழியத்துக்கு வந்தால் சபை தொடரும். வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளை பங்கு கேட்டால் கதவு பூட்டப்படும். அந்தப் பிள்ளையைக் குறை சொல்லவும் முடியாது, பத்திரம் அப்படி இருக்கிறது.

இதற்கு வழி, பாஸ்டர் திடமாக இருக்கும்போதே பதிவு செய்த அறக்கட்டளையோ சங்கமோ அமைத்து, நிலத்தை அதன் பேருக்கு மாற்றுவது. அறங்காவலர்கள் எல்லாரும் ஒரே குடும்பமாக இருந்தால் பெயர்தான் மாறியிருக்கும். அடுத்த பாஸ்டரை யார், எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதைப் பத்திரத்திலேயே எழுதிவிட வேண்டும். முத்திரைத்தாள் செலவு கசக்கத்தான் செய்யும். வழக்குச் செலவு அதைவிடப் பெரிது.

பணத்திலும் இதே சிக்கல். காணிக்கைப் பையை இரண்டு பேர் சேர்ந்து எண்ணிக் கையெழுத்துப் போடும் நல்ல வழக்கம் பல சபைகளில் இருக்கிறது. இப்போது தூணில் ஒட்டியிருக்கும் கியூஆர் அட்டை பாஸ்டரின் சொந்த ஜிபே எண்ணுக்குப் போனால், அந்த வழக்கத்துக்குப் பொருளே இல்லை. சபையின் பேரில் பான் எண், வங்கிக் கணக்கு, இருவர் கையெழுத்து: இது நேர்மையான ஊழியக்காரருக்கே பாதுகாப்பு. கணக்குக் கேட்பது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

கல்யாணத்தைப் பலர் யோசிப்பதே இல்லை. 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி, பேராயர் கையால் குருப்பட்டம் பெற்ற ஆயருக்குத் திருமணம் நடத்தும் அதிகாரம் உண்டு. தனிச்சபை பாஸ்டர் அரசிடம் உரிமம் வாங்கியிருக்க வேண்டும். அந்த உரிமம் ஆளுக்குத் தரப்படுவது. சபைக்கோ மகனுக்கோ தானாகக் கைமாறாது. புதிதாக வந்தவருக்கு உரிமம் இருக்கிறதா என்று பாராமல் தேதி குறித்தால், பிற்பாடு விசாவுக்குச் சான்றிதழ் கேட்கும்போது பிள்ளைகள்தான் அலைவார்கள்.

ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் ஆகியவற்றின் பதிவேடுகளும் இப்படிக் கவனத்திலிருந்து தப்புபவைதான். சி.எஸ்.ஐ. ஆனாலும் தனிச்சபை ஆனாலும், போகிறவரும் வருகிறவரும் பொருளாளரும் ஒன்றாக உட்கார்ந்து, பதிவேடு, ரொக்கப் புத்தகம், வைப்பு ரசீது, திருவிருந்துப் பாத்திரம், சாவி என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பட்டியலில் கையெழுத்திட வேண்டும்.

பட்டியலில் ஏறாத ஒன்றும் இருக்கிறது: சபைக் குடும்பங்களைப் பற்றி ஆயர் மனத்தில் வைத்திருக்கும் விவரம். எந்த வீட்டுக்காரர் நைட் ஷிப்ட் முடிந்து காலையில் தூங்குவதால் வீடு சந்திப்பை மாலைக்கு வைக்க வேண்டும். 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தபோது எந்தக் குடும்பத்தின் வலை பாழானது, அவர்கள் சந்தா பாக்கி வைத்ததற்குக் காரணம் என்ன. யார் யாரோடு பேசுவதில்லை, யாருக்கு வீட்டிலேயே திருவிருந்து கொண்டுபோக வேண்டும். போகிற ஆயர் இதை வருகிறவரிடம் சொல்ல ஒரு முழுநாள் ஒதுக்க வேண்டும். இருவரும் சேர்ந்து, நோயாளிகள் இருக்கும் வீடுகளுக்காவது ஒருமுறை நடந்து போய்வரலாம். கமிட்டிச் செயலாளர் அந்த நாளைப் பிரிவுபசாரத்துக்கு முன்பே குறித்துவிடட்டும்.