கருப்புத் திராட்சையும் வெள்ளை இரசமும்



கணவரின் முதலாமாண்டு நினைவுத் திருப்பலி முடிந்ததும் ஒரு தாய் நம்மிடம் வந்தார். காணிக்கைப் பவனியில் இரசக் குப்பியை ஏந்தி வந்தவர் அவர்தான். "சாமி, குப்பியில் இருந்த இரசம் சிவப்பாக இல்லையே, வெளுத்துப் போயிருந்ததே. அது ஆண்டவருடைய இரத்தமாக மாறியிருக்குமா? என் வீட்டுக்காரருக்கு ஒப்புக்கொடுத்த பூசை செல்லுமா?" என்று கண்கலங்கக் கேட்டார். இந்த ஐயம் அவருக்கு மட்டுமல்ல, நம்மில் பலருக்கும் இருக்கிறது. எனவே இதைப் பற்றிச் சற்றுச் சிந்திப்போம்.

கடையில் வாங்கும் கருப்புத் திராட்சை ஒன்றைத் தோல் உரித்துப் பாருங்கள். உள்ளே சதை வெளிர் பச்சையாகவே இருக்கும். சதையும் சிவந்திருக்கும் சில அரிய வகைகளைத் தவிர, எல்லாத் திராட்சைகளுக்கும் சாறு ஏறத்தாழ ஒரே நிறம்தான். சிவப்பு நிறம் தோலில் இருக்கிறது. ஆகவே, இரசம் சிவப்பாவதும் வெள்ளையாவதும் பழத்தை மட்டும் பொறுத்ததல்ல; சாறு தோலோடு எவ்வளவு காலம் தங்கியது என்பதைப் பொறுத்தது.

சிவப்பு இரசம் செய்பவர்கள் கருப்புத் திராட்சையை நசுக்கி, சாறு, தோல், விதை எல்லாவற்றையும் ஒன்றாகத் தொட்டியில் விடுகிறார்கள். ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சாற்றிலுள்ள சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றுகிறது. அப்போது எழும் வாயு தோல்களை மேலே தள்ளும். அவற்றை நாள்தோறும் சாற்றுக்குள் அமிழ்த்திக்கொண்டே இருக்க வேண்டும். இப்படி ஒன்று, இரண்டு வாரங்கள் கடந்தபின்தான் பிழிகிறார்கள். தோலிலிருந்தும் விதையிலிருந்தும் நிறத்தோடு துவர்ப்பும் இறங்குகிறது. அந்தத் துவர்ப்பே சிவப்பு இரசம் நீண்டகாலம் கெடாமல் இருக்கத் துணை செய்கிறது.

வெள்ளை இரசத்திற்கு இந்த வரிசை தலைகீழ். முதலில் பிழிந்து தோலைப் பிரித்துவிட்டு, சாற்றை மட்டும் புளிக்க வைக்கிறார்கள். மென்மையான மணம் போய்விடாதபடி, சிவப்பைவிடக் குளிர்ந்த நிலையில், பெரும்பாலும் 12 முதல் 18 பாகை வெப்பத்தில் வைக்கிறார்கள். வெள்ளைத் திராட்சையிலிருந்து சிவப்பு இரசம் எடுக்க முடியாது. ஆனால் கருப்புத் திராட்சையிலிருந்து வெள்ளை இரசம் எடுக்க முடியும்.

இதில் தேர்ந்தவர் ஒரு துறவி என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. பிரான்சு நாட்டின் ஷாம்பெய்ன் பகுதியில் ஓவில்லே என்ற ஊரிலிருந்த புனித ஆசீர்வாதப்பர் சபை மடத்தில், 1668 முதல் 1715-இல் இறக்கும்வரை பண்டகப் பொறுப்பாளராக இருந்தவர் தோம் பெரினியோன். கருப்புத் திராட்சையைத் தோல் சாயம் இறங்காதபடி விரைவாகவும் மென்மையாகவும் பிழிந்து, தெளிந்த வெள்ளை இரசம் எடுத்தார். நுரைக்கும் இரசத்தைக் கண்டுபிடித்தவர் அவரே என்பது பிற்காலக் கதை. பொறுமையான உழைப்பே அவருடைய உண்மைப் பெருமை.

சரி, திருச்சபை என்ன சொல்கிறது? 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 924-ஆம் சட்டம், இரசம் திராட்சைக் கனியிலிருந்து இயற்கையாக வந்ததாகவும் கெட்டுப்போகாததாகவும் இருக்க வேண்டும் என்கிறது. நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வேறு பொருள் எதுவும் கலந்திருக்கக் கூடாது என்று 2004-இல் உரோமை வழிபாட்டுப் பேராயம் வெளியிட்ட அறிவுரை வலியுறுத்துகிறது. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு நம் வீடுகளில் கோதுமையும் கிராம்பும் சேர்த்துச் செய்யும் இரசம் எவ்வளவு சிவப்பாக இருந்தாலும் பீடத்திற்கு ஆகாது. கலப்பற்ற வெள்ளை இரசம் ஆகும். கிண்ணம் துடைக்கும் வெண்துகிலில் கறை படியாது என்பதற்காகவே பல கோவில்களில் வெள்ளை இரசத்தை விரும்புகிறார்கள்.

சிவப்பு நிறம் இரத்தத்தை நினைவூட்டுகிறது என்பது உண்மைதான். திராட்சைச் சாற்றை அதன் இரத்தமாகவே விவிலியம் உருவகிக்கிறது (தொநூ 49:11). ஆனால் இரசம் ஆண்டவரின் திரு இரத்தமாவது அதன் நிறத்தால் அல்ல. கிறிஸ்துவின் வார்த்தையாலும் தூய ஆவியின் ஆற்றலாலுமே. நிறம், மணம், சுவை ஆகியவை மாறாமல் இருக்க, உட்பொருள் மாறுகிறது. கண்ணுக்குத் தெரியும் நிறத்தில் நம் நம்பிக்கையை வைத்தால், சிவப்பு இரசத்திலும் நாம் ஆண்டவரைக் காணப்போவதில்லை.

அந்தத் தாயிடம் இதைத்தான் சொன்னோம்: "அம்மா, நீங்கள் ஏந்தி வந்தது நல்ல திராட்சை இரசம். அதை ஆண்டவர் ஏற்றுக்கொண்டார். உங்கள் கணவருக்காக ஒப்புக்கொடுத்த பலியில் எந்தக் குறையும் இல்லை." அவர் மறுபடியும் கோவிலுக்குள் சென்று, நற்கருணைப் பேழைக்கு முன் வெகுநேரம் முழந்தாளிட்டிருந்தார்.

அடுத்த முறை குப்பியில் இருக்கும் இரசம் எந்த நிறமானாலும், அதனோடு நம்மையும் காணிக்கையாக வைப்போம். புறத்தோற்றத்தைப் பாராமல் உள்ளத்தைப் பார்க்கும் ஆண்டவர் (1 சாமு 16:7) நம்மையும் ஏற்று மாற்றுவாராக. ஆமென்.