காற்றாடித் துணி வெட்டும் சூட்டுக்கோல்: அடியில் எதை விரிக்கிறீர்கள்?

ரிப்ஸ்டாப் நைலான் துணியைக் கத்தரிக்கோலால் வெட்டினால் ஓரம் பிசிறும். அதனால் பெரிய காற்றாடி செய்பவர்கள் சால்டரிங் அயர்னில் கூராக ராவிய செம்புக் கம்பியைச் செருகி, துணியை உருக்கியே வெட்டுகிறார்கள். ஓரமும் அப்போதே உருகி இறுகிவிடும். நல்ல உத்திதான். ஆனால் அடியில் எதை விரிக்கிறோம், எதைக் கைப்பிடியாக்குகிறோம் என்பதில் பலரும் ஏமாந்துபோகிறார்கள்.

நைலான் அதன் வகையைப் பொறுத்து சுமார் 220 முதல் 260 டிகிரி செல்சியஸில் உருகும். அயர்ன் முனையோ 300 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். அந்தச் சூட்டில் அக்ரிலிக் ஸ்கேல் குழையும், பிளைவுட் கருகும். பி.வி.சி. பலகையிலிருந்து தொண்டையை அரிக்கும் ஹைட்ரஜன் குளோரைடு வரும். டெஃப்ளான் விரிப்பைப் பலர் நம்புகிறார்கள். அது தாங்குவது 260 டிகிரி வரைதான். அதற்கு மேல் சிதைந்தால் எழும் புகை மனிதருக்குக் காய்ச்சலும் இருமலும் தரும், கூண்டுப் பறவையைக் கொன்றே விடும்.

எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது பழைய ஆஸ்பெஸ்டாஸ் துண்டுக்குத்தான். கூரை மாற்றியபோது மிஞ்சியது, காசு செலவில்லை என்று எடுத்து மேசையில் போட்டுவிடுகிறார்கள். சூடு தாங்கும், உண்மை. ஆனால் அதை அறுக்கும்போதும் உரசும்போதும் பறக்கும் இழை நுரையீரலில் தங்கி, பல பத்தாண்டுகள் கழித்துப் புற்றுநோயாக முளைக்கலாம். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிள்ளைகள் புழங்கும் வீட்டுக்குள் அதைக் கொண்டுவரவே வேண்டாம்.

ஓரம் மழுக்கிய டஃபன்டு கண்ணாடி அடியில் போதும். கோடு பிடிக்க எவர்சில்வர் ஸ்கேல். ஜன்னல் திறந்திருக்கட்டும். வயரிலும் பிளக்கிலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். உருகிய நைலான் தோலில் ஒட்டிக்கொண்டால் பிய்க்காதீர்கள். குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டிவிட்டு மருத்துவரிடம் போங்கள். பற்பசை, மை எதுவும் தடவக் கூடாது.

கைப்பிடியையும் வயரையும் கழற்றி மாற்றாதீர்கள். ஷாக் அடிக்கும் என்பது ஒரு காரணம், இன்னொன்று சட்டம். பொருளின் குறையால் காயம்பட்டால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி இழப்பீடு கேட்கலாம். ஆனால் பொருளை மாற்றியமைத்திருந்தாலோ தவறாகப் பயன்படுத்தியிருந்தாலோ விற்றவர்மீது அந்த உரிமை இல்லை என்கிறது 87ஆவது பிரிவு. செம்புக் கம்பி செருகியதையே மாற்றம் என்று கடைக்காரர் வாதிடலாம். ஆகவே, துணி வெட்டுவதற்கென்றே கத்திமுனையோடு விற்கும் கருவி கிடைத்தால் அதை வாங்குவதே மேல்.

பில்லைப் பத்திரப்படுத்துங்கள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். தீராவிட்டால் 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது; வக்கீல் வைக்காமல் நீங்களே வாதாடவும் செய்யலாம்.