தொட்டிலுக்கு வரும் வண்ணப் போர்வை!

குற்றாலத்தில் சாரல் விழுகிறது. பேரருவியில் குளித்து வந்த தாய் ஒருத்தி, குளிரில் நடுங்கும் தன் குழந்தையை ஒரு சின்னப் பருத்திப் போர்வையில் சுற்றுகிறாள். சிறிது நேரத்தில் அழுகை நிற்கிறது. பிள்ளை சிரிக்கிறது!

சிவப்பு, மஞ்சள், பச்சை என்று கோடு கோடாக இருக்கும் இத்தகைய போர்வை, கைத்தறியில் எப்படி உருவாகிறது? அதற்குப் பின்னால் எத்தனை பேருடைய உழைப்பு இருக்கிறது? பார்ப்போம், வாருங்கள்.

30 கிலோமீட்டர் நூல்!

நூலுக்கு நம்பர் உண்டு. நம்பர் ஏற ஏற நூல் மெல்லியதாகும். 40-ம் நம்பர் நூலை ஒரு பவுண்டு எடுத்து நீட்டினால் 33,600 கெஜம் வரும். அதாவது, ஏறக்குறைய 30 கிலோமீட்டர்! தென்காசியில் பிடித்த நூலைக் கடையநல்லூர் வரை கொண்டு போய், ஏறக்குறைய திரும்பியும் வந்துவிடலாம். போர்வைக்கு இதைவிடத் தடித்த நூல் வேண்டும். அப்போதுதான் கதகதப்பு இருக்கும்.

சிட்டமாக வரும் நூலுக்கு முதலில் சாயம் ஏற்றுகிறார்கள். பிறகு நீளவாக்கில் இழுத்துப் பாவு ஆக்குகிறார்கள். பாவைத் தெருவில் நீட்டிக் கட்டிக் கஞ்சி போடுவது, வெயில் ஏறுவதற்கு முன் நடக்கும் வேலை. கஞ்சி குடித்த நூல்தான் தறியில் அடிபட்டாலும் அறாமல் நிற்கும்.

நெடுக்கே ஓடும் வண்ணக் கோடுகள் பாவிலேயே முடிவாகி விடுகின்றன. குறுக்கே ஓடும் கோடுகளுக்கு, வேறு வண்ண நூல் உள்ள நாடாவை மாற்றிப் போட வேண்டும். இரண்டும் சேர்ந்தால் கட்டம்!

குழிக்குள் இரண்டு கால்கள்

குழித்தறியில் நெய்பவர் குழிக்குள் கால்களைத் தொங்கவிட்டு உட்காருகிறார். கால் மிதிக்கிறது, பாவு இரண்டாகப் பிரிகிறது. ஒரு கை கயிற்றை இழுக்கிறது, நாடா பாய்கிறது. மறு கை பலகையை இழுத்து அடிக்கிறது. "டக், டக்!" ஒரே ஓர் இழை சேர்ந்தது.

ஓர் அங்குலத்துக்கு 40 இழை என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒரு கெஜ நீளமுள்ள போர்வைக்கு 1,440 தடவை மிதிக்க வேண்டும்! நடுவில் ஓர் இழை அறுந்தால் தறியை நிறுத்தி, முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் தொடர வேண்டும்.

நெசவாளி என்றதும் ஓர் ஆணைத்தான் நினைக்கிறோம். அது தவறு. 2019-20-ல் எடுத்த கைத்தறிக் கணக்கின்படி, இந்தியாவில் நெசவிலும் அதன் துணை வேலைகளிலும் இருப்பவர்கள் சுமார் 35 லட்சம் பேர். அவர்களில் 100-க்கு 70 பேருக்கு மேல் பெண்கள்!

கப்பல் ஏறியவர்கள்

தென்காசிக்கு வடக்கே இருக்கும் கடையநல்லூர், ஒரு காலத்தில் தறிச் சத்தம் கேட்ட ஊர். அங்கே முஸ்லிம் குடும்பங்கள் பல நெசவு செய்து வாழ்ந்தன. தொழில் நொடித்தது. நெய்த கைகள் பிழைப்பைத் தேடிக் கப்பல் ஏறின. சிங்கப்பூரிலும் மலேயாவிலும் வேலை தேடின. 1941-ம் ஆண்டில் சிங்கப்பூரில் "கடையநல்லூர் முஸ்லிம் லீக்" என்று ஊர்ப் பெயரிலேயே ஒரு சங்கம் அமைந்தது என்றால், எத்தனை பேர் போயிருப்பார்கள்!

ஒரு தறி நின்றால் ஒரு குடும்பம் இடம் பெயருகிறது. அதைத் தடுக்கத்தான் 1985-ல் ஒரு சட்டம் வந்தது. குறிப்பிட்ட ரகங்களைக் கைத்தறியில் மட்டுமே நெய்ய வேண்டும் என்றது அந்தச் சட்டம். முதலில் 22 ரகங்கள் இருந்தன. இப்போது 11 தான். படுக்கை விரிப்பும் துண்டும் அவற்றில் உண்டு. ஆனாலும், சட்டம் மட்டும் தறியை ஓட்டாது. வாங்குகிறவர்கள் வேண்டுமே!

பாட்டி சொன்னது சரிதான்

"பச்சைப் பிள்ளைக்குப் புதுத் துணி ஆகாது. பழைய வேட்டியில் போடு" என்பார்கள் பாட்டிமார்கள். அதில் அர்த்தம் இருக்கிறது. புதுத் துணியில் கஞ்சி இருக்கும். மொடமொடப்பு பிள்ளையின் தோலை உறுத்தும். பருத்தித் துணியோ துவைக்கத் துவைக்க மிருதுவாகும். எனவே, போர்வை வாங்கியதும் இரண்டு மூன்று முறை துவைத்து, வெயிலில் உலர்த்திய பிறகே பிள்ளைக்குப் போடுங்கள்.

குழந்தை துணியைச் சப்பும். ஆகவே, சாயம் போகிறதா என்று பாருங்கள். தீங்கு தரும் சில சாயங்களை இந்திய அரசு 1997-ல் தடை செய்தது. சாயம் போகும் துணி பிள்ளைக்கு வேண்டாம்.

இன்னொன்று. ஒரு வயது நிரம்பாத குழந்தை தூங்கும்போது, தளர்ந்து கிடக்கும் போர்வை அருகில் இருக்கக் கூடாது; அது முகத்தை மூடிவிடலாம் என்று டாக்டர்கள் எச்சரிக்கிறார்கள். தூக்கி வைத்திருக்கும்போது சுற்றிக் கொள்ளுங்கள்.

பேரம் பேசும் முன்

கடைகளில் தொங்கும் வண்ணத் துணிகள் எல்லாம் கைத்தறி அல்ல. விசைத்தறித் துணியும் கலந்துதான் இருக்கும். 2006-ல் வந்த கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 1935-ல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் கடைகளில், கூட்டுறவுச் சங்க நெசவாளர்களின் துணி கிடைக்கும்.

விலை சற்று கூடுதலாகத் தோன்றலாம். "பத்து ரூபாய் குறையுங்கள்" என்று வாய் வரை வரும். அப்போது அந்தக் குழியையும், 1,440 மிதிகளையும் ஒரு கணம் நினைத்துப் பாருங்கள்.

உங்கள் வீட்டுத் தொட்டிலில் ஒரு பிள்ளை சிரிக்கிறது. நெய்தவர் வீட்டுத் தொட்டிலிலும் ஒரு பிள்ளை சிரிக்க வேண்டாமா?