மூச்சின் சத்தத்தைப் பதிந்து வைத்தல்

நெஞ்சிலும் முதுகிலும் குழாயை வைத்துப் பார்க்கும்போது வைத்தியருக்கு என்னதான் கேட்கிறது? அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிச் சென்ற அன்று இதை நான் கேட்டே விட்டேன். தலைமயிர் சிலவற்றைக் காதருகே பிடித்து விரல்களால் உருட்டிப் பார்க்கச் சொன்னார். மெல்லிய சரசரப்பு! சுவாசப்பை தழும்பேறி இறுகியவர்கள் மூச்சை உள்ளே இழுக்கும்போது அப்படித்தான் கேட்குமாம். சுவாசக் குழாய்கள் சுருங்கினால் விசில் போன்ற இழுப்புச் சத்தம். தொய்வுக்காரருக்கும், ஆண்டுக்கணக்காக அடுப்புப் புகையைச் சுவாசித்தவர்களுக்கும் அது வரக்கூடும். இடம்பெயர்ந்த இடங்களில், கொட்டிலுக்குள் ஈர விறகை ஊதி ஊதிச் சமைத்த எங்களில் பலருக்கு அந்தச் சத்தம் புதிதல்ல.

இந்தக் குழாய் உண்டானதே ஒரு பெண் நோயாளியால்தான். 1816இல் பாரிஸ் வைத்தியர் லென்னக், ஓர் இளம்பெண்ணின் மார்பில் நேரே காதை வைக்கத் தயங்கிக் கடதாசியைச் சுருட்டி வைத்துக் கேட்டார். சத்தம் முன்னையிலும் தெளிவாகக் கேட்டது.

ஆனால் காதால் கேட்ட சத்தம் அந்த நிமிடத்தோடு போய்விடும். போன மாதம் எப்படி இருந்தது என்று வைத்து ஒப்பிட முடியாது. ஒலிவாங்கி பொருத்திய கருவியால் இப்போது அதைப் பதிந்து வைக்கலாம். நோய்ச் சத்தத்தைப் பிரித்தறியக் கணினியையும் பழக்கலாம். 2017இல் போர்த்துக்கல், கிரேக்க ஆய்வாளர்கள் 126 பேரிடம் எடுத்த 920 பதிவுகளை ஆய்வுக்காக வெளியிட்டார்கள். மொத்தம் ஐந்தரை மணி நேரம். அதன் பின் வந்த ஆய்வுகள் பல இந்தப் பதிவுகளை வைத்தே நடந்தன.

எனக்கு உறுத்துவது இதுதான். கேட்டுப் பழகிய நெஞ்சுகளைத்தான் கணினி அறியும். விறகடுப்பின் முன் வாழ்நாளைக் கழித்த எங்கள் தாய்மாரின் மூச்சு அதற்குப் பழக்கமில்லை. இங்கும் ஒருநாள் பதிய வருவார்கள். எதற்கு, யாருக்கு என்று கேட்டறிந்து, விருப்பமானால் சம்மதியுங்கள்.

பதியும்போது சட்டை உரசினால் அதுவும் சரசரப்பாகவே விழும். ஆகவே வெறும் முதுகில்தான் வைக்க வேண்டும். கூச்சமாயிருந்தால் பெண் தாதி ஒருவரை அருகில் நிற்கச் சொல்லிக் கேளுங்கள். பேசாமல், வாயைத் திறந்து ஆழமாக மூச்சுவிட வேண்டும்.

ஒன்று, காசநோய் உள்ள நெஞ்சிலும் எந்த வித்தியாசமான சத்தமும் கேட்காமல் இருக்கலாம். இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் சளியைப் பரிசோதிக்க வேண்டும். அந்தப் பரிசோதனையும் மருந்தும் அரசாங்க மார்பு நோய்ச் சிகிச்சை நிலையங்களில் இலவசம்.