சேத்துல விழுந்த பிஸ்டல் சுடுமா?

பிஸ்டலைச் சேத்துல முக்கி எடுத்து, படபடன்னு சுட்டுக் காட்டுற வீடியோ நிறையப் பேர் பார்த்திருப்பீங்க. "பாஸ்"னு கமெண்ட் வேற விழும். சாஃப்ட்வேர் டெஸ்ட்டிங் தெரிஞ்சவங்களுக்கு அங்க மூணு கேள்வி வரணும்.

முதல் கேள்வி: எந்தச் சேறு? தஞ்சாவூர்ப் பக்கம் நடவுக்காக உழுது வெச்ச வயல்ல இருக்கிறது களிமண். வழவழன்னு ஒட்டும், காய்ஞ்சா கல்லு மாதிரி இறுகும். கொள்ளிடத்து மணல் அப்படி ஒட்டாது. ஆனா ரெண்டு இரும்புக்கு நடுவுல போச்சுன்னா உரசிப் பிடிச்சுக்கும். ஈரக் களிமண்ணுல சுட்ட அதே பிஸ்டல், மண் காய்ஞ்சதும் நின்னுடலாம். அதனால மண்ணும் தண்ணியும் என்ன விகிதம், எவ்வளவு நேரம் முக்கினோம், காய விட்டோமா, எல்லாத்தையும் முன்னாடியே எழுதி வெச்சுக்கணும். இல்லைன்னா இன்னொருத்தர் அதே டெஸ்ட்டைத் திரும்பச் செய்யவே முடியாது.

ரெண்டாவது: எங்க சிக்குது? நம்ம ராணுவத்தோட 9 எம்எம் 1ஏ பிஸ்டலை எடுத்துக்கலாம். மேற்கு வங்கத்துல இஷாப்பூர் தொழிற்சாலையில செய்யறது. ஒவ்வொரு முறை சுடும்போதும் மேல இருக்கிற ஸ்லைடு பின்னாடி போய் காலி உறையை வெளிய தள்ளும். திரும்பி வரும்போது அடுத்த தோட்டாவை ஏத்தும். பின்னாடி போறதுக்கு வெடிப்போட விசை இருக்கு. முன்னாடி வர்றதுக்கு ஸ்பிரிங் மட்டும்தான். அதனால சேறு இருந்தா ஸ்லைடு முழுசா மூடாம பாதியில நிக்கலாம்.

"பாகங்களுக்கு நடுவுல இடைவெளி அதிகம் விட்டா போதுமே"ன்னு தோணும். உள்ள போன மண்ணு நகர அது இடம் கொடுக்கும், சரி. ஆனா பெரிய திறப்பு இருந்தா மண்ணு உள்ள போறதும் சுலபம். டெல்டாவுக்குப் பக்கத்துலயே இருக்கிற திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையில செய்யற 'திருச்சி அசால்ட் ரைஃபிள்' ஏகே வகை. அந்த வகையில பாதுகாப்பு லிவரை மேல தள்ளினா, அது பக்கவாட்டுத் திறப்பையும் மூடிடும். லிவர் கீழ இருக்கும்போது சேத்துல விழுந்தா கதை வேற. அந்த ரெண்டு நிலையையும் தனித்தனியா டெஸ்ட் பண்ணணும்.

மூணாவது: எத்தனை தடவை? 1ஏ மேகசின்ல 13 தோட்டா. பதிமூணும் சுட்டுச்சுன்னா நூத்துக்கு நூறுன்னு அர்த்தம் இல்ல. கணக்குப்படி, அஞ்சுல ஒண்ணு சிக்கக்கூடிய பிஸ்டல்கூட 13 தோட்டாவையும் தடங்கல் இல்லாம சுட்டு முடிக்க சுமார் 5 சதவீத வாய்ப்பு இருக்கு. அதுவும் ஒவ்வொரு தோட்டாவும் தனித்தனி சோதனைன்னு வெச்சுக்கிட்டா. நிஜத்துல ஒரு முறை முக்கினதுக்கு அப்புறம் சுடுற பதிமூணும் ஒரே சேத்தைத்தான் சந்திக்குது. அதனால ஒவ்வொரு முக்கலையும் ஒரு சோதனையா எண்ணுறதுதான் நியாயம். கழுவி, காயவெச்சு, எண்ணெய் போட்டு, மறுபடி முக்கணும்.

இன்னொண்ணு. சுடாம நிக்கிறது மட்டும் ஃபெயில் இல்ல. குழல்ல மண்ணு அடைச்சிருக்கும்போது சுட்டா, அழுத்தம் ஏறி குழல் வெடிக்கலாம். அதனால சரியான சோதனையில பிஸ்டலை ஸ்டாண்டுல பூட்டி, தூரத்துல இருந்து சுடுவாங்க. வீடியோவுல கையில பிடிச்சுச் சுடுறவருக்கு அந்தத் தடவை ஒண்ணும் ஆகலை, அவ்வளவுதான். ஐப்பசி மழையில வரப்புல வழுக்கி விழுற போலீஸ்காரர் இடுப்புல இருக்கிற பிஸ்டலுக்கு அந்த ஒரு தடவை போதாது.